பெயர் ஒன்று, இடம் இரண்டு: வழிப்புள்ளித் தரவுகளில் நேரும் முரண்கள்

வழிப்புள்ளி என்பது வானில் குறிக்கப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடம். அதற்கு ஒரு பெயரும், ஓர் அட்சரேகையும், ஒரு தீர்க்கரேகையும் உண்டு. வேறு அடையாளம் பெரும்பாலும் இல்லை. மேகத்துக்குள்ளும் இருளிலும் பறக்கும் விமானி தரையைப் பார்த்து வழி அறிய முடியாது. கருவிகள் காட்டுவதை மட்டும் நம்பி, ஒரு வழிப்புள்ளியிலிருந்து அடுத்த வழிப்புள்ளிக்கு விமானத்தைச் செலுத்துகிறார். இதுவே கருவிவழிப் பறத்தல். மலேசியாவுக்கும் வியட்நாமுக்கும் இடைப்பட்ட கடலின் மேல் உள்ள ‘இகாரி’ அப்படிப்பட்ட ஒரு புள்ளி. கீழே தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனாலும் அந்த வழியே செல்லும் எல்லா விமானங்களும் அந்த இடத்தை மிகத் துல்லியமாக அறிந்திருக்கின்றன.

இந்த ஏற்பாடு பிழையின்றி நடக்க வேண்டுமானால், ஒரு பெயர் எங்கு எழுதப்பட்டிருந்தாலும் ஒரே இடத்தைக் குறிக்க வேண்டும். விமானியின் கையிலுள்ள வரைபடம், விமானத்தின் வழிச்செலுத்தல் கணினி, தரைக் கட்டுப்பாட்டு அறையின் கணினி, அவற்றைப் பயன்படுத்தும் மனிதர்களின் மனம் ஆகிய நான்கிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். இந்த நான்கில் ஏதேனும் இரண்டு ஒத்துப்போகாத நிலையைத்தான் தரவு முரண் என்கிறோம். இத்தகைய முரணில் எந்தக் கருவியும் பழுதடைவதில்லை. கணினி தனக்குச் சொல்லப்பட்டதைப் பிசகின்றிச் செய்கிறது. சொல்லப்பட்ட இடமும் எண்ணப்பட்ட இடமும் வேறு என்பதே சிக்கல்.

தரவு கடந்து வரும் வழி

ஒரு வழிப்புள்ளியின் வாழ்க்கை நில அளவையில் தொடங்குகிறது. ஓடுபாதையின் முனை, வானொலி வழிகாட்டி நிலையம், மலை, கோபுரம் ஆகியவற்றின் இடங்களை அளவையாளர்கள் அளந்து தருகிறார்கள். அந்த அளவுகளைக் கொண்டு நடைமுறை வடிவமைப்பாளர்கள் விமானம் எந்தப் புள்ளிகள் வழியே, எந்த உயரத்தில் இறங்க வேண்டும் என்று வகுக்கிறார்கள். அந்த விவரம் நாட்டின் அதிகாரபூர்வமான வானூர்தித் தகவல் ஏட்டில் வெளியாகிறது. இந்தியாவுக்கான ஏட்டை இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடுகிறது.

பல நாடுகளின் ஏடுகளையும் சேகரித்து ஒரே வடிவத் தரவாக மாற்றும் பணியை ஜெப்பசன், லுஃப்தான்சா சிஸ்டம்ஸ், நாவ்ப்ளூ போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. அவை பின்பற்றும் குறியீட்டு முறைக்கு ‘ஏரிங்க் 424’ என்று பெயர். 1975-இல் முதன்முதலில் வெளியான இந்த முறையில், ஒவ்வொரு பதிவும் 132 எழுத்துகள் கொண்ட ஒரே வரி. எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து வர வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டது. பின்னர் அந்தத் தரவு அந்தந்த விமானக் கணினிக்கு ஏற்றபடி மறுபடியும் வடிவம் மாறி, விமான நிறுவனத்துக்கு வந்து, கடைசியில் விமானத்தில் ஏற்றப்படுகிறது. அளவையாளரின் கையேட்டிலிருந்து விமானி அறையின் திரைக்கு வருவதற்குள் ஓர் எண் ஐந்தாறு கைகள் மாறிவிடுகிறது.

இவ்வளவு பேரும் ஒரே நாளில் புதிய தரவுக்கு மாறினால்தான் குழப்பம் இராது. அதற்காகவே பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனமான ஐகாவோ, 1964-இல் ‘ஏராக்’ என்ற சுழற்சி முறையை ஏற்படுத்தியது. அதன்படி மாற்றங்கள் 28 நாளுக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமையன்று உலகெங்கும் ஒருசேர நடைமுறைக்கு வருகின்றன. சாதாரணமாக ஆண்டுக்கு 13 சுழற்சிகள் வரும். 2020-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதியும் டிசம்பர் 31-ஆம் தேதியும் சுழற்சி நாள்களாக அமைந்ததால் அந்த ஆண்டில் 14 வந்தன. பயன்படுத்துவோர் கைக்கு மாற்றம் குறித்த தகவல் குறைந்தது 28 நாள் முன்னதாகவே வந்து சேர வேண்டும் என்பது விதி.

ஏராக் முறை பெரும் ஒழுங்கைக் கொண்டுவந்தது. ஆனால் அதற்குள்ளேயே ஒரு முரணும் இருக்கிறது. சுழற்சிக்கு இடையே திடீரென ஒரு வழிகாட்டி நிலையம் மூடப்பட்டாலோ, குறைந்தபட்ச உயரம் மாற்றப்பட்டாலோ, அந்தச் செய்தி விமானிகளுக்கான அவசர அறிவிப்பாக மட்டுமே வரும். கணினியில் உள்ள தரவு அடுத்த சுழற்சிவரை பழையதாகவே இருக்கும். பழைய தரவு பிழையான தரவைப் போலத் தோன்றுவதில்லை. திரையில் இரண்டும் ஒரே தெளிவோடுதான் தெரியும்.

பூமியை எங்கிருந்து அளப்பது?

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இயற்கையில் கீறப்பட்ட கோடுகள் அல்ல. பூமியின் வடிவத்தை ஒரு நீள்வட்டத் திண்மமாகக் கற்பித்துக்கொண்டு, அதன்மேல் வரையப்படும் கணக்குக் கோடுகள் அவை. எந்த நீள்வட்டம், அது எங்கே பொருத்தப்பட்டுள்ளது என்பது மாறினால், ஒரே இடத்தின் எண்களும் மாறிவிடும்.

இந்த வரலாற்றில் சென்னைக்கு நேரடிப் பங்கு உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலையை ஒட்டி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து, இந்தியாவின் பெரும் முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரால் ‘எவரெஸ்ட் 1830’ நீள்வட்டம் உருவாயிற்று. இந்தியத் துணைக்கண்டத்தின் வரைபடங்கள் நெடுங்காலம் அதன்மேலேயே எழுதப்பட்டன. லாம்டன் அளவெடுத்த அதே பரங்கிமலையின் பக்கத்தில்தான் இன்று சென்னை விமான நிலையம் இருக்கிறது.

ஒவ்வொரு நாடும் இப்படித் தனக்கென ஓர் அளவை அடிப்படையை வைத்திருந்தது. தரையில் உள்ள வானொலி நிலையத்தை நோக்கிப் பறந்த காலத்தில் இதனால் பெரிய தீங்கு விளையவில்லை. எண் எதுவாக இருந்தாலும் விமானம் அலையைப் பின்பற்றி நிலையத்துக்கே சென்றது. செயற்கைக்கோள் வழிகாட்டல் வந்தபின் நிலைமை மாறிற்று. ஜி.பி.எஸ். கருவி ‘டபிள்யூ.ஜி.எஸ். 84’ என்ற உலகப் பொது அடிப்படையில் இடத்தைக் கணிக்கிறது. பழைய அடிப்படையில் எழுதிய எண்ணை அதற்குக் கொடுத்தால், கருவி பிழையின்றி வேறோர் இடத்துக்கு அழைத்துச் செல்லும்.

வேறுபாடு சிறிதல்ல. லண்டன் கிரீனிச் வானாய்வகத்தில் உலோகப் பட்டையாகப் பதிக்கப்பட்டுள்ள பழைய சுழியத் தீர்க்கரேகையின்மேல் நின்று ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்தால் அது சுழியம் காட்டாது. புதிய சுழியம் 102 மீட்டர் கிழக்கே இருக்கிறது. டோக்கியோ பகுதியில் ஜப்பானின் பழைய அடிப்படைக்கும் புதியதற்கும் உள்ள விலகல் ஏறத்தாழ 450 மீட்டர். பெரிய விமான நிலையங்களின் ஓடுபாதை 45 மீட்டர் முதல் 60 மீட்டர் வரைதான் அகலம் உடையது என்பதை இதனோடு ஒப்பிட்டால் விளைவு புரியும். எனவே 1998 ஜனவரி 1 முதல் பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான ஆயங்கள், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள், எல்லாம் டபிள்யூ.ஜி.எஸ். 84 அடிப்படையிலேயே வெளியிடப்பட வேண்டும் என்று ஐகாவோ வகுத்தது.

ஓர் எண் புரளும்போது

அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஒரு விநாடி ஏறத்தாழ 31 மீட்டர். ஏரிங்க் 424 பதிவில் ஆயங்கள் விநாடியின் நூறில் ஒரு பங்குவரை எழுதப்படுகின்றன. அது கிட்டத்தட்ட ஓர் அடி அளவு. விமானி தன் கையால் எண்ணை உள்ளிடும்போது பெரும்பாலும் நிமிடத்தின் பத்தில் ஒரு பங்குவரைதான் எழுத முடியும். அது 185 மீட்டர். ஆகவே ஒரே புள்ளியைத் தரவுத்தளத்திலிருந்து எடுப்பதும் கையால் உள்ளிடுவதும் ஒரே இடத்தைத் தருவதில்லை. தரையிறங்கும் நடைமுறைகளைக் கையால் உருவாக்கக் கூடாது, தரவுத்தளத்திலிருந்து முழுமையாக அழைத்தே பயன்படுத்த வேண்டும் என்ற விதிக்கு இது ஒரு காரணம்.

எழுதும் முறையில் உள்ள வேறுபாடு இதைவிடக் கொடியது. விநாடிகளை விட்டுவிட்டால், சென்னை விமான நிலையம் வடக்கு 12 டிகிரி 59 நிமிடம், கிழக்கு 80 டிகிரி 10 நிமிடத்தில் இருக்கிறது. அதே எண்களைத் தசமப் புள்ளியாக 12.59 டிகிரி, 80.10 டிகிரி என்று ஒருவர் படித்துவிட்டால், குறிக்கப்படும் இடம் 44 கிலோமீட்டர் தெற்கே, திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் போய் விழும். 60 நிமிடம் ஒரு டிகிரி என்ற கணக்கும் 100 பங்கு ஒரு டிகிரி என்ற கணக்கும் ஒரே இலக்கங்களைப் பயன்படுத்துவதால் இந்தப் பிழை பார்வைக்குப் பிடிபடுவதில்லை.

2015 மார்ச் 10 அன்று சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட ஏர் ஏசியா எக்ஸ் ஏர்பஸ் ஏ330 விமானத்தில் நடந்தது, கையால் எண் உள்ளிடுவதன் ஆபத்தைக் காட்டுகிறது. புறப்படும் முன் விமானம் நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையைக் கணினிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 151 டிகிரி 9.8 நிமிடம் என்று இருக்க வேண்டிய எண் 15 டிகிரி 19.8 நிமிடம் என்று பதிவாகிவிட்டது. கணினியைப் பொறுத்தவரை விமானம் 11,000 கிலோமீட்டருக்கு அப்பால், ஆப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் நின்றது. எச்சரிக்கைகள் தோன்றியும் காரணம் புரியாமல் விமானம் எழும்பியது. தானியங்கிச் செலுத்தி இயங்கத் தொடங்கியதும் தவறான திசையில் திரும்பிற்று. வழிச்செலுத்தல் கருவிகள் பயனற்றுப்போக, சிட்னியில் வானிலையும் மோசமாக இருந்ததால், விமானம் மெல்பர்னில் இறக்கப்பட்டது. யாருக்கும் காயம் இல்லை. எழுதப்பட்ட இலக்கங்கள் அனைத்தும் செல்லுபடியாகும் எண்களே என்பதால் கணினி அவற்றை ஏற்றுக்கொண்டது.

எரிபஸ்: அறிவிக்கப்படாத திருத்தம்

1979 நவம்பர் 28 அன்று ஏர் நியூசிலாந்தின் 901-ஆம் எண் விமானம், ஆக்லாந்திலிருந்து அண்டார்க்டிகாவைச் சுற்றிக்காட்டப் புறப்பட்ட டி.சி.-10, எரிபஸ் மலையின் சரிவில் மோதியது. அதிலிருந்த 257 பேரும் உயிரிழந்தனர். வழிப்புள்ளி முரண் எப்படி உருவாகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை.

பயணத்தின் தென்கோடிப் புள்ளி மக்மர்டோ ஆய்வுத்தளத்தருகே இருந்தது. முதலில் வகுக்கப்பட்ட பாதை 3,794 மீட்டர் உயரமுள்ள எரிபஸ் மலைக்கு மேலாகச் சென்றது. 1978-இல் பாதைகளைக் கணினியில் ஏற்றியபோது, அந்தப் புள்ளியின் தீர்க்கரேகை 166 டிகிரி 48 நிமிடத்துக்குப் பதிலாக 164 டிகிரி 48 நிமிடம் என்று பதிவாயிற்று. ஓர் இலக்கம் மாறியதால் பாதை மேற்கே நகர்ந்து, மலையைத் தவிர்த்து, தட்டையான மக்மர்டோ நீரிணையின் மேல் சென்றது. ஓராண்டுக்கும் மேலாக இப்படியே இருந்தது. விபத்துக்குள்ளான விமானத்தின் தலைமை விமானிக்கு நவம்பர் 9 அன்று நடந்த விளக்கக் கூட்டத்திலும் இந்த எண்ணே காட்டப்பட்டது. தன் பாதை நீரிணையின் வழியே செல்கிறது என்று அவர் கருதியிருந்தார்.

புறப்பாட்டுக்கு முந்தைய இரவில் அந்தப் புள்ளி 166 டிகிரி 58 நிமிடத்துக்கு மாற்றப்பட்டது. மாற்றியவர்கள், கணினியில் இருப்பது 166 டிகிரி 48 நிமிடம் என்றே எண்ணியிருந்தனர். வேறுபாடு பத்து நிமிடம்தான். தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும் அந்தத் தென்கோடியில் பத்து நிமிடம் என்பது இரண்டு கடல் மைலுக்குச் சற்றே அதிகம். இவ்வளவு சிறிய மாற்றம் அறிவிக்கத்தக்கதாகத் தோன்றவில்லை. உண்மையில் கணினியில் இருந்தது 164 டிகிரி 48 நிமிடம். ஆகவே புள்ளி 27 கடல் மைல், அதாவது 50 கிலோமீட்டர் நகர்ந்தது. பாதை மறுபடியும் மலையின் மேல் வந்து நின்றது. விமானிகளுக்கு யாரும் சொல்லவில்லை.

காலையில் தரப்பட்ட பட்டியலில் இருந்த எண்களை அவர்கள் பிழையின்றி விமானத்தின் கணினியில் உள்ளிட்டனர். மேகத்துக்குக் கீழே இறங்கியபோது முன்னால் தெரிந்த வெண்பரப்பு நீரிணையின் பனிதான் என்று நம்பினர். வானின் வெண்மையும் பனிச்சரிவின் வெண்மையும் கலந்து, நிழலும் விளிம்பும் மறைந்துபோகும் ‘வெண்மயக்கம்’ என்ற நிலையில் மலை அவர்கள் கண்ணுக்குப் படவில்லை. பிற்பகல் 12.49 மணிக்கு மோதல் நிகழ்ந்தது.

1980-இல் வெளியான தலைமை விபத்து ஆய்வாளரின் அறிக்கை, தாழ்வாக இறங்கிய விமானியின் முடிவையே முதன்மைக் காரணமாகக் காட்டியது. 1981-இல் நீதிபதி பீட்டர் மேன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம், ஆயங்களை மாற்றிவிட்டு விமானிகளுக்கு அறிவிக்காததே விபத்தின் ஆதாரக் காரணம் என்று முடிவுசெய்தது. 40 ஆண்டு கழித்து, 2019-இல், நியூசிலாந்துப் பிரதமர் ஜசிண்டா ஆர்டன் குடும்பத்தாரிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

எரிபஸ் உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. விமானிகள் அறிந்திருந்த பிழையான எண் 14 மாதம் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. யாருக்கும் சொல்லாமல் திருத்திய சரியான எண் ஒரே நாளில் 257 உயிர்களைக் கொண்டுபோயிற்று. தரவைச் சரிசெய்வது பாதி வேலை. அதை நம்பியிருப்பவருக்குத் தெரிவிப்பது மறுபாதி.

பெயர்கள் போதாமை

எண்கள் சரியாக இருந்தாலும் பெயர்கள் மோதிக்கொள்ளலாம். வானொலி வழிகாட்டி நிலையங்களுக்கு ஓரெழுத்து, ஈரெழுத்து, மூவெழுத்துக் குறிகள் வழங்கப்படுகின்றன. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைக் கொண்டு ஈரெழுத்துக் குறிகள் 676-தான் அமைக்க முடியும். மூவெழுத்துக் குறிகள் 17,576. உலகம் முழுமைக்கும் இவை போதாது. எனவே ஒரே குறி வெவ்வேறு கண்டங்களில் திரும்ப வருவது தவிர்க்க முடியாததாகிறது. ஒரே குறியுள்ள இரு நிலையங்கள் 1,100 கிலோமீட்டருக்குள் இருக்கக் கூடாது என்பது ஐகாவோவின் விதி.

நிலையம் எதுவும் இல்லாத வெறும் புள்ளிகளுக்கு ஐந்தெழுத்துப் பெயர்கள். கணக்குப்படி இவை 1 கோடியே 18 லட்சத்துக்கும் மேல் அமையலாம். ஆனால் அவை வாயால் சொல்லக்கூடியவையாக, வானொலியில் கேட்டால் வேறொன்றாகத் தோன்றாதவையாக இருக்க வேண்டும். அந்த நிபந்தனைக்குப் பின் எஞ்சுபவை மிகக் குறைவு. ‘ஐகார்ட்’ என்ற ஐகாவோவின் மையப் பதிவேடு, ஒரே பெயர் இருவருக்கு வழங்கப்படாமல் பார்த்துக்கொள்கிறது.

பெயர் மோதியதால் நேர்ந்த பேரிழப்பு, 1995 டிசம்பர் 20 இரவில் கொலம்பியாவில் நிகழ்ந்தது. மயாமியிலிருந்து காலி நகருக்கு வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, ஒரு போயிங் 757, தெற்கு நோக்கி நீண்ட பள்ளத்தாக்கினூடே இறங்கிக்கொண்டிருந்தது. இருபுறமும் ஆண்டிஸ் மலைகள். கடைசி நேரத்தில், திரும்பாமல் நேராகவே இறங்கக்கூடிய ஓடுபாதை தரப்பட்டது; விமானிகள் ஏற்றுக்கொண்டனர். நேரம் சுருங்கிவிட்டது. அதற்குச் சற்று முன் காலி நிலையத்துக்கு நேராகச் செல்லும்படி கணினிக்குக் கட்டளையிட்டதால், இடையிலிருந்த துலுவா நிலையம் திரையிலிருந்து மறைந்துபோயிருந்தது. அதைக் கடந்துவிட்டார்களா இல்லையா என்பதே அவர்களுக்குத் தெளிவாகவில்லை.

அடுத்து ரோசோ என்ற வழிகாட்டி நிலையத்துக்குச் செல்ல முடிவு செய்தார்கள். வரைபடத்தில் அதன் குறி ‘ஆர்’. கணினியில் ‘ஆர்’ என்று உள்ளிட்டபோது அந்தக் குறியுள்ள நிலையங்களின் பட்டியல் வந்தது. மிக அருகில் உள்ளது முதலில் வரும் என்பது விமானிகளின் அனுபவம். ஆனால் பட்டியலின் தலையில் இருந்தது ரோசோ அல்ல. 132 கடல் மைல் தொலைவில் தலைநகர் பொகோட்டாவின் அருகே இருந்த ‘ரோமியோ’. இரு நிலையங்களும் ஒரே நாட்டில், ஒரே குறியோடு, ஒரே அலைவரிசையில் இயங்கின. தரவைத் தொகுத்தவர்கள் ஒன்றுக்கே அந்தக் குறியைத் தர முடியும் என்பதால், பெரிய நகரமான பொகோட்டாவுக்கு அதைக் கொடுத்துவிட்டு, ரோசோவை அதன் முழுப் பெயரால் மட்டுமே அழைக்கும்படி வைத்திருந்தனர். வரைபடம் ஒரு முறையைப் பின்பற்றியது. தரவுத்தளம் வேறொரு முறையைப் பின்பற்றியது.

விமானம் இடப்புறம், கிழக்கே மலைகளை நோக்கித் திரும்பிற்று. ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்தே தவறு உணரப்பட்டது. வலப்புறம் திருப்பியும், அவர்கள் இறங்கிக்கொண்டே இருந்ததால் நடுவில் மலை வந்துவிட்டது. தரை அருகே வருவதை உணர்த்தும் எச்சரிக்கை, மோதலுக்கு 12 விநாடி முன்புதான் ஒலித்தது. முழு விசையோடு ஏற முயன்றபோது, இறங்குவதற்காக விரித்திருந்த வேகத்தடை இறக்கைகள் விரிந்தபடியே இருந்தன. 163 பேரில் நால்வர் மட்டுமே பிழைத்தனர். பின்னர் நடந்த வழக்கில், 2000-இல், அமெரிக்க நடுவர் குழு விமான நிறுவனத்துக்கு 75 விழுக்காடும், தரவைத் தொகுத்த ஜெப்பசனுக்கு 17 விழுக்காடும், கணினியைத் தயாரித்த ஹனிவெல்லுக்கு 8 விழுக்காடும் பொறுப்பு என்று பங்கிட்டது. தரவின் முரணும் விபத்துக்குப் பொறுப்பேற்க வேண்டியது என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அது.

பெயர் மோதல் தரைக் கணினியையும் முடக்கும். 2023 ஆகஸ்ட் 28 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிசுக்குச் செல்லும் ஒரு விமானத்தின் பயணத்திட்டம், வழக்கம்போல் பிரிட்டனின் கட்டுப்பாட்டு மையத்துக்கு வந்தது. அதில் ‘டி.வி.எல்.’ என்ற குறி இரண்டு இடங்களுக்கு உரியதாக இருந்தது: ஒன்று அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் உள்ள டெவில்ஸ் லேக், மற்றொன்று பிரான்சின் டோவில். விமானம் பிரிட்டன் வான்பரப்பை விட்டு வெளியேறும் புள்ளியைத் தேடிய மென்பொருள், டோவிலுக்குப் பதிலாக டெவில்ஸ் லேக்கைப் பிடித்துக்கொண்டது. உள்ளே நுழைவதற்கு முன்பே வெளியேறும் பாதை உண்டாக முடியாது. தவறான தரவைக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கு அனுப்புவதைவிட நின்றுவிடுவதே பாதுகாப்பு என்று வகுக்கப்பட்டிருந்ததால், மென்பொருள் நின்றது. மாற்று அமைப்பும் அதே திட்டத்தை, அதே முறையில் படித்து, அதே இடத்தில் நின்றது. இவ்வளவும் 20 விநாடிக்குள் முடிந்தது. விடுமுறை நாளான அன்று ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளின் பயணம் பாதிக்கப்பட்டது. ஒரே மாதிரி சிந்திக்கும் இரண்டு கணினிகள் இரண்டு காவல் ஆகா என்பது இதனால் தெளிவாயிற்று.

நகரும் வடக்கு

இடம் ஒன்றாகவும் பெயர் ஒன்றாகவும் இருந்தும், திசை வேறுபடலாம். விமானப் பாதைகளின் திசைகள் பெரும்பாலும் காந்த வடக்கை அடிப்படையாகக் கொண்டவை. பூமியின் காந்தப்புலம் ஓயாமல் மாறுகிறது. அமெரிக்க, பிரிட்டன் அறிவியல் நிறுவனங்கள் சேர்ந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை உலகக் காந்த மாதிரியைப் புதுப்பிக்கின்றன. ஓடுபாதையின் எண் அதன் காந்தத் திசையைப் பத்தால் வகுத்தது என்பதால், எண்களும் மாற நேர்கிறது. லண்டன் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தின் 05/23 ஓடுபாதை 2009-இல் 04/22 ஆயிற்று. ஃபுளோரிடாவின் டாம்பாவில் 18 வலது என்றிருந்த ஓடுபாதை 2011-இல் 19 வலது ஆயிற்று.

தரையிலுள்ள வி.ஓ.ஆர். வழிகாட்டி நிலையம், அது கடைசியாகச் சீரமைக்கப்பட்டபோது நிலவிய காந்த விலக்கத்தையே, அதாவது உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையிலான கோணத்தையே, வைத்துக்கொண்டிருக்கும். விமானக் கணினியோ தன் நினைவகத்தில் உள்ள அட்டவணைப்படி, விமானம் இருக்கும் இடத்துக்கு ஏற்ற விலக்கத்தைக் கணக்கிடும். ஆகவே வரைபடத்தில் அச்சிட்ட திசையும் திரை காட்டும் திசையும் சில டிகிரி வேறுபடுவது உண்டு. ஒரு டிகிரி பிசகு, 60 கடல் மைல் சென்றால் ஒரு கடல் மைல் விலகலாகும். வழிப்புள்ளியின் ஆயங்கள் சரியாக இருந்தால் ஜி.பி.எஸ். வழியே செல்லும் விமானம் சரியான தடத்திலேயே இருக்கும். ஆனால் இத்தகைய இயல்பான வேறுபாட்டுக்குப் பழகிப்போன கண், உண்மையான பிழை வரும்போதும் அதை இயல்பானதென்று கடந்துபோகக்கூடும். இதன் ஆபத்து அங்கே இருக்கிறது.

பாதையின் இலக்கணம்

தரவுத்தளத்தில் புள்ளிகள் மட்டுமல்ல, அவற்றை இணைக்கும் முறையும் பதிவாகிறது. ஏரிங்க் 424-இல் இதற்கு 23 வகைப் பாதைத் துண்டுகள் உண்டு: ஒரு புள்ளியிலிருந்து மறு புள்ளிக்கு நேரே செல்வது, வளைந்து செல்வது, குறித்த உயரம் வரும்வரை ஒரு திசையில் செல்வது என்பவை போல. மனிதர் வாக்கியமாக எழுதிய நடைமுறையை இந்த 23 வகைக்குள் அடக்க வேண்டும். சில இடங்களில் அது முழுமையாகப் பொருந்துவதில்லை. அப்போது தொகுப்பாளர்கள் கணினிக்காக மட்டும் சில புள்ளிகளை உருவாக்குகிறார்கள். அமெரிக்காவில் இவற்றுக்கு உயிரெழுத்தே இல்லாத பெயர்கள் தரப்படுகின்றன. வாயால் சொல்ல முடியாதபடி வைத்ததால், கட்டுப்பாட்டு அலுவலரிடம் அவற்றை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். தரையிறங்கும்போது படிப்படியாக இறங்குவதற்கான சில இடைப்புள்ளிகள் வரைபடத்தில் இருந்தும் கணினியில் இல்லாமல் போவதும் உண்டு.

ஒரே பதிவை இரு நிறுவனங்களின் கணினிகள் ஒரே மாதிரி பறக்கும் என்ற உறுதியும் இல்லை. வழிப்புள்ளியின் தலைக்கு மேல் சென்றபின் திரும்புவதா, அதை எட்டும் முன்பே வளைந்து திரும்புவதா என்பதைத் தரவு சொல்லும். எவ்வளவு முன்பு, எவ்வளவு சரிந்து என்பதைக் கணினியே முடிவுசெய்யும்.

காவல் முறைகள்

தரவின் முக்கியத்துவத்தைப் பொறுத்து ஐகாவோ மூன்று நம்பகத் தரங்களை வகுத்தது. பிழையானால் பேரழிவு நேரக்கூடிய தரவில், வழியில் சிதைவு ஏற்படும் வாய்ப்பு பத்துக் கோடியில் ஒன்றைத் தாண்டக் கூடாது. அடுத்த நிலையில் லட்சத்தில் ஒன்று. சாதாரணத் தரவில் ஆயிரத்தில் ஒன்று. தரவோடு சேர்த்தே ஒரு சரிபார்ப்பு எண் அனுப்பப்படுகிறது. வழியில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. தொடங்கிய இடத்திலேயே தவறாக எழுதப்பட்ட எண்ணை அது மிகப் பத்திரமாக, மாற்றமின்றி விமானம்வரை கொண்டுசேர்க்கும். எரிபஸ் பாதையில் 164 என்று பதிந்த எண்ணை எந்தச் சரிபார்ப்பு எண்ணும் பிடித்திருக்காது. அதற்குத் தேவைப்படுவது வேறு மூலத்திலிருந்து வந்த இன்னொரு தரவோடு வைத்துப் பார்ப்பது.

அதனால்தான் தரையிறங்கும் முன் விமானிகள் வரைபடத்தை ஒருபுறமும் திரையை மறுபுறமும் வைத்து, புள்ளிகளின் பெயர், வரிசை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குள்ள தொலைவு, திசை, உயரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பெயரை மட்டும் பார்ப்பது போதாது. காலியில் பெயர் பொருந்தியது, தொலைவு பொருந்தவில்லை. அருகிலிருக்க வேண்டிய ரோசோ 132 கடல் மைலுக்கு அப்பால் இருக்க முடியாது. புதிய பாதையை ஒருவர் உள்ளிட்டால், மற்றவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அதைச் செயல்படுத்த வேண்டும் என்ற நடைமுறையும் இதற்காகவே. தரை நெருங்குவதை முன்கூட்டியே அறிய, மலைகளின் வடிவத்தையே நினைவகத்தில் வைத்திருக்கும் மேம்பட்ட எச்சரிக்கைக் கருவிகள் காலி விபத்துக்குப் பின் பரவலாயின. ஆனால் அவையும், தான் இருக்கும் இடத்தை விமானம் சரியாக அறிந்திருந்தால்தான் உதவும்.

வரைபடமும் தரவுத்தளமும் முரண்பட்டால் எதை நம்புவது? அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விமானியர் கையேடு இதற்குத் தெளிவான விடை தருகிறது: வெளியிடப்பட்ட இறங்குமுறை வரைபடமும் அதைத் திருத்தி வந்த அவசர அறிவிப்புகளுமே மேலானவை, கணினித் தரவு அவற்றுக்குக் கீழ்ப்பட்டது. முரணைக் கண்ட விமானி அந்த நடைமுறையைக் கைவிட்டு, தரவைத் தொகுத்தவருக்கு அறிவிக்க வேண்டும். அந்தச் செய்தி தொகுப்பாளர் வழியாக எல்லா விமான நிறுவனங்களையும் எட்டி, அடுத்த 28 நாள் சுழற்சியில் பிழை நீக்கப்படுகிறது.